சிவனொளிபாதமலையில் ஓர் இரவு தங்கி ஏறுவது எப்படி: யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தாருக்கு மலை என்றால் கீரிமலை. அங்கே போய்த் தேடினால் கேணியும் கடலும்தான் இருக்கும், மலை இருக்காது. சைக்கிள் பெடலைத் தவிர வேறெதையும் மிதித்து ஏறாத ஊர் எங்களுடையது. அதனாலோ என்னவோ, சிவனொளிபாதத்துக்கு வெளிக்கிடும் எங்கள் ஆட்கள் ஏறுவதைப் பற்றி மட்டும் மாதக்கணக்கில் கதைப்பார்கள். இரவை எங்கே, எப்படிக் கழிப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நானும் முதல்தரம் அப்படித்தான் போனேன். ஒரு வானில் ஏழு பேர். இரவு பத்து மணிக்கு அடிவாரமான நல்லதண்ணியில் இறங்கி, யார் முந்துவது என்று ஏறி, இரண்டே முக்காலுக்கு உச்சியில் நின்றோம். பெரிய சாதனை என்று நினைத்தோம். சூரியன் வர இன்னும் மூன்றரை மணித்தியாலம் இருந்தது. வியர்வையில் ஊறிய பெனியன், அதற்கு மேல் காற்று. ஏழு பேரும் கோழிக்குஞ்சு மாதிரி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தோம். கடைசியில் சூரியன் வந்தபோது ஒருவனும் படம் எடுக்கவில்லை. கமக்கட்டுக்குள் இருந்த கையை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தரமும் மலையில் பாதி வழியில் தங்கித்தான் ஏறினேன். உச்சியில் காத்திருக்கக் கூடாது. காத்திருப்பதைக் கீழே, கூரைக்கு அடியில் செய்ய வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

எப்போது போவது

மலை 2243 மீற்றர். யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி வெசாக் பௌர்ணமியோடு முடியும். அந்தக் காலம் முழுக்க நல்லதண்ணிப் பாதையில் இரவு முழுக்க விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும். விளக்கில்லை, கடையில்லை, படிகளில் தண்ணீர் ஓடும். அப்போது தங்கி ஏறும் யோசனையே வேண்டாம்.

காலத்துக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். போயா எனும் பௌர்ணமி நாள், அதை ஒட்டிய விடுமுறை, சனி இரவு ஆகிய மூன்றையும் தவிருங்கள். அந்த நாள்களில் கடைசிச் செங்குத்துப் படிகளில் சனம் தேர் இழுப்பது போல நிற்கும், ஓரடி எடுத்து வைக்கப் பத்து நிமிடம். தங்குமிடத்திலும் காலை நீட்ட இடம் கிடைக்காது. என் கணக்கில் தை, மாசி மாதங்களில் ஒரு செவ்வாய் அல்லது புதன் இரவுக்கு நிகர் வேறில்லை.

எந்தப் பக்கத்தால் ஏறுவது

முக்கியமான வழிகள் மூன்று. ஹற்றன், மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணி; இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தல; குருவிற்றப் பக்கம் எரத்ன. நல்லதண்ணி வழி ஏழு கிலோமீற்றர் என்பார்கள், 5000க்கு மேற்பட்ட படிகள், ஏறக்குறைய 1000 மீற்றர் உயர்வு. மற்ற இரண்டும் அதைவிட நல்ல நீளம், காடு, அட்டைக்கடி. முதல்தரம் போகிறவர்கள் நல்லதண்ணியால் ஏறி நல்லதண்ணியால் இறங்குங்கள். இரண்டாம் தரம் போகும்போது இரத்தினபுரிப் பக்கம் பாருங்கள். அந்த வழியில் ஹெரமிட்டிபான என்று ஓரிடம் வரும். ஊன்றுகோலை வைத்துவிட்டு இளைப்பாறும் இடம் என்று பெயர். மலைத் தங்குமிடம் என்றால் என்ன என்று உண்மையில் தெரிவது அங்கேதான். நீண்ட மண்டபத்தில் ஊர் ஊராக வந்த கூட்டங்கள் பாயை விரித்துக் கிடக்கும்.

அட்டைக்கு எலுமிச்சம்பழம் கொண்டு போங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1344இல் இந்த மலைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, ஆட்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருந்து அட்டை மேல் பிழிவார்கள் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு இந்தப் பயணத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் எங்கள் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. பல்லக்கு, ஆண்டுதோறும் உச்சியில் உள்ள புனிதப் பாதச் சுவட்டுக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தில் பத்துப் பேர், அதற்கு மேல் சாப்பாட்டுச் சாமான் தூக்க மட்டும் 15 பேர். யாழ்ப்பாணத்தார் பயணம் போனால் சாப்பாட்டுப் பொதி எவ்வளவு வரும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். ஆனால் உங்களுக்கு அந்த 15 பேர் கிடையாது. முதுகுதான்.

மூன்று கிழமைக்கு முன்னால் தொடங்க வேண்டியது

ஒரு மாடிக்கு 20 படி என்று வைத்தால் 5000 படி என்பது 250 மாடி. யாழ்ப்பாணத்தில் படி தேடுவதே ஒரு வேலை. வேலை செய்யும் இடத்திலோ படிக்கும் இடத்திலோ மூன்று மாடி இருந்தால் போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்துத் தரம் ஏறி இறங்குங்கள். இறங்குவதைத் தவறவிடாதீர்கள். சைக்கிள் ஓடிய கால் ஏறிவிடும், மூச்சும் தாங்கும். இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கும் தொடைத் தசைதான் எங்களிடம் பழகாதது. மலையில் அழுதவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் அழுதார்கள்.

இருதய வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். உயரத்தால் வரும் தலைச்சுற்று பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான் தொந்தரவு செய்யும் என்பதால் அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். குளிரைப் பற்றி யோசியுங்கள். 1000 மீற்றர் ஏறினால் சுமார் 6.5 பாகை குறையும். யாழ்ப்பாணத்தில் தை மாத இரவு 22 பாகை என்றால் உச்சியில் ஏழு, எட்டுக்கு வந்துவிடும், காற்றைச் சேர்க்காமலே.

பொதியில் என்ன

எங்கள் வீடுகளில் கனடாவில் இருந்து வந்த தடித்த ஜாக்கெற் ஒன்று அலுமாரிக்குள் பூச்சி உருண்டையோடு கிடக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். ஏறும்போது ஒரு மெல்லிய சேட்டு போதும், உடம்பே அடுப்பு மாதிரிக் கொதிக்கும். ஜாக்கெற் நிற்கும் நேரத்துக்கு. குளிருக்கு முதல் காரணம் காற்றல்ல, முதுகோடு ஒட்டிய ஈரப் பெனியன்தான். ஆகவே உலர்ந்த பெனியன் ஒன்று, சேட்டு ஒன்று, காலுறை இரண்டு சோடி, இவற்றை ஒரு துணிப்பையில் கட்டித் தனியாக வையுங்கள். தங்குமிடத்தில் செய்யும் முதல் வேலை உடுப்பு மாற்றுவது. தேத்தண்ணிகூட அதற்குப் பிறகுதான்.

படுக்கைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். சுவிஸில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன் மலையேறுகிறவன். அங்கே மலையேறுவோர் சங்கத்துக்கு மட்டும் 150க்கு மேற்பட்ட மலைக் குடில்கள் உண்டு. கம்பளியும் மெத்தையும் குடிலிலேயே இருக்கும். ஆனால் உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவில் போட மெல்லிய பைபோன்ற ஒரு விரிப்பை ஒவ்வொருவரும் தாங்களே கொண்டுபோக வேண்டுமாம். சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும், இரவு பத்துக்கு வெளிச்சம் அணையும், விடிய மூன்றுக்கு எழும்புகிறவன் அடுத்தவனை எழுப்பாமல் வெளிக்கிட வேண்டும். 'அந்தப் பையை இங்கே நல்ல விலைக்கு விக்கிறாங்கள் அண்ணை' என்றான். நான் இரண்டு பழைய சாரங்களை எடுத்தேன். சாரம் ஏற்கெனவே குழாய்தானே? ஒன்றின் அடியோடு மற்றதன் தலையைத் தைத்து, கால் பக்கத்து வாயை மூடித் தைத்தேன். ஆளுயரத்துக்குப் பை தயார். மடித்தால் ஒரு துவாய் அளவுதான். நுழைந்து படுத்து மேலே ஜாக்கெற்றைப் போட்டால் குளிர் பாதியாகும், பொதுப் பாயின் மூட்டைப்பூச்சியும் ஓரளவுக்கு வெளியே நிற்கும்.

கீழே போட மெல்லிய ஓலைப்பாய் அல்லது மடித்த காட்போட் மட்டை. சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சுவது போலக் காற்றுக்கூட உறிஞ்சாது. மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழே ஒன்றும் இல்லையென்றால் முதுகு விறைக்கும்.

சாப்பாட்டுக்குக் கடைகள் உண்டு. ஆனால் எங்கள் ஊர்ச் சாமான் போல மலைக்கு வாய்ப்பானது வேறில்லை. புழுக்கொடியல் நசுங்காது, பழுதாகாது, ஒரு துண்டை வாயில் போட்டால் அரை மணித்தியாலம் வேலை கொடுக்கும். பனங்கட்டிக் குட்டான் ஒன்று, பொரிவிளாங்காய் ஆளுக்கு நாலு. மலையில் மச்சம், மது இரண்டும் ஆகாது, அதைக் கட்டாயம் மதியுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பைக்கற் இரண்டு, சித்தாலேப தைல டப்பா ஒன்று, பனடோல், ரோச் லைற், மாற்றுப் பற்றரி. இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் போத்தல் ஒன்று அவசியம், ஏனென்று பிறகு சொல்கிறேன். பொலித்தீன் பைகளை வீட்டிலேயே விடுங்கள். மலையைச் சுற்றியுள்ள காடு 2010 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது, அடிவாரத்தில் பொதியைச் சோதிப்பதும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஆறு கிலோவைத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் எடுத்திருக்கிறீர்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து நல்லதண்ணி

முதல்நாள் இரவு பஸ்ஸில் கண்டி. ஏ9 வீதி முழுநீளமும், 321 கிலோமீற்றர். விடியக் கண்டியில் முகம் கழுவிச் சாப்பிட்டு ஹற்றன் பஸ். ஹற்றனில் இருந்து யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணிக்கு நேரே பஸ் ஓடும், இல்லையென்றால் மஸ்கெலியாவில் மாறலாம். ரயில் பிரியர்கள் பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு ரயிலுக்கு மாறலாம். ஆனால் மண்சரிவு வந்தால் மலைநாட்டுப் பாதை முடங்கிவிடும், ஆகவே முதல்நாளே விசாரியுங்கள். ஹற்றனில் இருந்து போகும் பஸ்ஸில் கண்ணயராதீர்கள். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா கிடக்கிறது. தண்ணீர் வற்றிய காலத்தில் பழைய கோவில் சேற்றுக்கு வெளியே தலைகாட்டும்.

பிற்பகல் மூன்று மணிக்குள் நல்லதண்ணியில் நிற்க வேண்டும். வானில் போனாலும் இதே கணக்குத்தான். சாரதி ஒருவரை அடிவாரத்தில் நித்திரை கொள்ள விடுங்கள். மலையேறிய ஆள் மறுநாள் வான் ஓடக் கூடாது.

நாலு மணிக்குப் புறப்பாடு

எல்லோரும் நள்ளிரவில் ஏற, நாங்கள் மாலை வெளிச்சத்தில் ஏறுகிறோம். வழி தெரியும், தேயிலைத் தோட்டம் தெரியும், உச்சியும் எட்டாத தூரத்தில் தெரியும். மகர தோரண வாசல் தாண்டி, யப்பானியர் கட்டிய வெள்ளைச் சமாதானத் தாதுகோபம் தாண்டி, சீத கங்குல வரும். குளிர்ந்த ஆறு. முகம், கை, கால் கழுவித்தான் மேலே போவது வழக்கம். அப்புறம் படிகள் நெருங்கும். இந்திகட்டுபான என்ற இடத்தில் முதல்தரம் வருவோர் ஊசியில் கோர்த்த நூலை இழுத்துக்கொண்டு போவார்கள், அங்கே வெள்ளை நூல் சிலந்திவலை மாதிரித் தொங்கும்.

வேகத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன்: பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் கதைக்க முடிய வேண்டும். முடியவில்லையென்றால் குறையுங்கள். உட்கார்ந்து இளைப்பாறுவதைவிட நின்றபடி ஒரு நிமிடம் மூச்செடுப்பது நல்லது. இறங்கி வருவோர் 'கருணாவய்' என்று வாழ்த்துவார்கள். திருப்பிச் சொல்லுங்கள், காசா பணமா? அரோகரா என்றாலும் சந்தோஷப்படுவார்கள்.

இருட்டி ஒரு மணித்தியாலத்துக்குள், பாதிக்கு மேல் ஏறியதும், இடம் பாருங்கள்.

தங்குமிடத்தில்

மலையில் இதை அம்பலம் என்பார்கள். எங்கள் மொழியில் மடம். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை: வழிப்போக்கனுக்குக் கூரையும் திண்ணையும், அவ்வளவுதான். வாடகை இல்லை, வரவேற்பும் இல்லை. இடம் இல்லாவிட்டால் திண்ணை போட்ட தேத்தண்ணிக் கடைகள் இருக்கின்றன. அங்கே சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் பின்பக்கம் ஒரு மூலை கிடைக்கும், போகும்போது கடைக்காரருக்கு ஏதாவது கொடுங்கள். நான் ஒருமுறை அடிவாரத்தில் அறைக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்து, போய்ப் பார்த்தால் அதற்குள் ஒரு குடும்பம் படுத்திருந்தது. மடத்தில் அந்தச் சிக்கல் இல்லை, முந்தினவருக்கு முதல் இடம்.

இடம் பிடிப்பதில் கொஞ்சம் மூளை வேண்டும். வாசல் நேரே ஆகாது, காற்றும் வரும், ஆட்களும் மிதிப்பார்கள். கழிப்பறைப் பக்கம் இரவு முழுக்க நடமாட்டம். காற்று வராத பக்கச் சுவரோரம் பாருங்கள். சில மண்டபங்களில் சாமிபடமோ சிறிய புத்தர் சிலையோ இருக்கும், அந்தத் திசைக்குக் காலை நீட்டாதீர்கள். ஒருவரும் திட்டமாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள். செருப்பையும் சப்பாத்தையும் தலைமாட்டில் வைக்காமல் துணிப்பையில் கட்டிக் கால்மாட்டில் வையுங்கள். காசும் போனும் உள்பையில், உடம்போடு. குளிரில் போன் பற்றரி விரைவாக இறங்கும், ஆகவே உடம்புச் சூடு அதற்கும் நல்லது.

இனி அந்த எவர்சில்வர் போத்தல். கடையில் கொதிநீர் வாங்கி நிரப்பி, மூடியை இறுக்கி, துவாயால் சுற்றிச் சாரப்பைக்குள் கால் பக்கம் போடுங்கள். இரண்டு மணித்தியாலம் கால் சுடச்சுட இருக்கும். மூன்று மணிக்கு எழும்பும்போது அது வெதுவெதுப்பான குடிதண்ணீர்.

ஒருமுறை நான் போன இரவு மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் பொதியோடு முழித்துக்கொண்டு நின்றேன். சுவரோரம் ஒரு சிங்கள மூதாட்டி, வெள்ளைச் சேலை, பக்கத்தில் துணிமூட்டை. மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெறுமையான தரையை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டி, 'புத்தா, மெஹே' என்றார். மகனே, இங்கே. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நன்றி சொல்லி, 'ஆச்சி' என்றேன். அவர்கள் மொழியிலும் ஆச்சி ஆச்சிதான். பொரிவிளாங்காய் ஒன்றைக் கொடுத்தேன். கடித்துப் பார்த்தார், பல் விடவில்லை, சிரித்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். மூட்டை மடியில் இருந்தபடியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நித்திரை கொண்டார். இடம் பிடிப்பதைப் பற்றி மேலே எழுதிய கெட்டித்தனம் எல்லாம் சரி, வயதானவரோ கைக்குழந்தையோ வந்தால் ஒடுங்குங்கள்.

சத்தமாகக் கதைக்க வேண்டாம், பாட்டு வேண்டாம், ரோச்சை ஆட்களின் முகத்தில் அடிக்க வேண்டாம். அலாரத்தை அதிர்வில் வைத்துச் சட்டைப்பையில் போடுங்கள். படுக்கும் முன் கழிப்பறை போய்வாருங்கள், இரண்டு மணிக்கு அங்கே நீண்ட வரிசை. நித்திரை வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள், வராது. நாலு மணித்தியாலம் காலை நீட்டிக் கண்ணை மூடிக் கிடந்தாலே காலுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும்.

பாதத்தைக் கும்பிடப் போகும் யாத்திரிகர்களுக்குச் சோறு கிடைக்க வேண்டுமென்று 11ஆம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் விஜயபாகு கிலிமலைக் கிராமத்தையே மானியமாகக் கொடுத்தான். அந்த வழக்கத்தின் மிச்சம் இன்றும் உண்டு, சில இடங்களில் தானமாகத் தேத்தண்ணியோ கஞ்சியோ கொடுப்பார்கள். வாங்குங்கள், மறுப்பது அழகில்லை. உண்டியல் இருந்தால் போடுங்கள்.

மூன்று மணிக்கு

படுக்கையைச் சத்தமில்லாமல் சுருட்டி, ஒரு பிளேன்ரீ, ஒரு துண்டு பனங்கட்டி. ஈரச் சேட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், வேதனைதான், ஆனால் உலர்ந்தது உச்சிக்கு மிச்சம் இருக்க வேண்டும். ஜாக்கெற்றைப் பொதியில் கட்டுங்கள்.

கடைசிப் பகுதி மகாகிரிதம்ப, செங்குத்து, பிடிக்கக் கம்பி உண்டு. கம்பி பனி போலக் குளிரும், பழைய காலுறையைக் கையில் மாட்டினால் கையுறை ஆச்சு. நடந்த நேரத்தைப் பொறுத்து வழியில் ஒரு கடையில் பத்து நிமிடம் நின்றாலும் சரி, ஐந்தரைக்கு முன்னால் மேலே போய்ச் சேராதீர்கள். உச்சி ஒரு சின்ன முற்றம். பாதத்துக்குக் கிட்டப் போகச் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், அந்தக் கல்லில் வெறுங்கால் மரத்துப்போகும். இரண்டாம் சோடி காலுறை இதற்குத்தான். உலர்ந்த உடுப்பை மாற்றுங்கள், ஜாக்கெற்றைப் போடுங்கள், மணியை அடியுங்கள். எத்தனையாவது தரமோ அத்தனை அடி. முதல்தரக்காரர் ஒன்றோடு நிறுத்த வேண்டும், அதற்கு மேல் அடித்தால் பின்னால் நிற்பவர் சிரிப்பார்.

சூரியன் ஆறு இருபதை ஒட்டி வரும். எல்லோரும் கிழக்கே முண்டியடிப்பார்கள். நீங்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு, உடனே மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். மலையின் நிழல் பனிப்புகை மேல் கூரிய முக்கோணமாக விழும். அது சில நிமிடம்தான், சூரியன் ஏற ஏற அடிவாரத்தை நோக்கிச் சுருங்கும்.

இறக்கம்

சப்பாத்து வாரை இறுக்குங்கள், இல்லையென்றால் பெருவிரல் நகம் கறுக்கும். முழங்காலை முழுதாக நிமிர்த்தாமல், கொஞ்சம் மடித்தபடி, படியின் ஓரமாகச் சாய்ந்து இறங்குங்கள். ஓடாதீர்கள். சீத கங்குலவில் காலைப் பத்து நிமிடம் ஆற்றுக்குள் விடுங்கள், பிறகு சித்தாலேப. நல்லதண்ணியில் பத்து, பத்தரைக்கு இருந்தால் ஹற்றன், கண்டி என்று மாறி இரவு பஸ்ஸைத் தாராளமாகப் பிடிக்கலாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்காதீர்கள், கால் நீட்ட நடைபாதைப் பக்கம்தான் வசதி. வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிறுத்துவார்கள். பஸ்ஸுக்கு மூன்றே படி. அதைப் பின்பக்கமாகத் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இறங்குவீர்கள், நடத்துனர் ஒரு பார்வை பார்ப்பார், 'மலைக்கோ தம்பி?' என்பார்.